டொராண்டோ ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்: பாபி ஓர் பெயரைத் தேடி

யங், ஃப்ரண்ட் தெருக்கள் சந்திக்கும் மூலையில், 1885-ல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது, ஐஸ் ஹாக்கி சாதனையாளர்களைக் கௌரவிக்கும் இந்த அருங்காட்சியகம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் (NHL) வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையோடு படம் எடுக்க என் மகன் வரிசையில் நிற்க, நான் அந்த லீக்கில் ஆடிய பாபி ஓர் (Bobby Orr) பெயரைத் தேடினேன். தற்காப்பு வீரர்; ஆனாலும் வீரர்களின் புள்ளிப் பட்டியலில் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்ந்தது) 2 முறை முதலிடம். 657 ஆட்டங்களில் 915 புள்ளிகள். சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது தொடர்ந்து 8 முறை!

இடது முழங்கால்தான் கைவிட்டது. திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை. 1978-ல், 30 வயதில் ஓய்வு. மறு ஆண்டே, ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி இங்கே சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிள்ளைகளுக்குப் பக் (ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு) அடிக்கும் பகுதியை விட்டு வர மனமே வராது. வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் உள்ள மண்டபத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.