பாம்பின் பால் குரோமோசோம்: சாயமேற்றிப் பார்ப்பதா, வரிசையைப் படிப்பதா?

முதுகலை ஆய்வேட்டுக்குப் பாம்புகளின் பால் குரோமோசோம்களை, அதாவது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களை, எடுத்துக்கொண்டபோது, அவற்றுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதா, ஆண் பெண் இரண்டின் டி.என்.ஏ. வரிசையையும் படித்து ஒப்பிடுவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதைத் தேர்ந்தேன், இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

சாயமுறைக்குச் செலவு குறைவு, கண்டதை எண்ணலாம்: பெரும்பாலான பாம்புகளுக்கு 36 குரோமோசோம்கள், அவற்றுள் 16 பெரியவை, 20 நுண்ணியவை; நல்லபாம்புக்கு 38. பெண்ணுக்கு இசட்-டபிள்யூ, ஆணுக்கு இரு இசட் என்ற அமைப்பில், விரியன்களின் டபிள்யூ தேய்ந்திருக்க, மலைப்பாம்பின் இணைகள் யாவும் ஒன்றுபோலத் தோன்றும். இந்தப் படிநிலையைக் கொண்டே, சாதாரண இணையொன்று பால் குரோமோசோமாக மாறித் தேய்ந்தது என்று மரபியலாளர் சுசுமு ஓனோ 1967-இல் வாதிட்டார்.

அவ்வாதத்தில் மலைப்பாம்பு இசட்-டபிள்யூவின் தொடக்கநிலையாகக் கருதப்பட்டது. 2017-இல் வரிசைகளை ஒப்பிட்டபோதோ, பர்மிய மலைப்பாம்பிலும் போவா பாம்பிலும் ஆணுக்கே உரிய டி.என்.ஏ. அடையாளங்கள் கிடைத்தன. அவை மனிதரைப் போல ஆணுக்கு எக்ஸ்-ஒய், பெண்ணுக்கு இரு எக்ஸ் என்ற அமைப்பு, அதுவும் தனித்தனியே தோன்றியவை. உருவம் ஒத்த இணையில் சாயத்தால் இதைக் காட்ட இயலாது.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது மாதிரி கிடைக்கும் விதம்தான். சாயமுறைக்கு உயிருள்ள, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் வேண்டும். கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொடுத்து அவற்றைப் பிரிவின் நடுவே நிறுத்த வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் எனக்குக் கிடைத்ததோ வண்டியில் அடிபட்ட சாரைகள்தாம். விடியலில் பால்வெட்டப் போனவர் தகவல் சொல்லி, நான் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த உடலில் செல்பிரிவைத் தேடிப் பயனில்லை. ஒரு தசைத்துண்டை எத்தனாலில் இட்டாலோ, டி.என்.ஏ. மாதக்கணக்கில் கெடாது. வனத்துறை அனுமதி இரண்டுக்கும் தேவை என்றாலும், உயிருள்ள பாம்பைப் பிடித்து வைக்கக் கேட்பதும் செத்ததில் ஒரு துண்டு கேட்பதும் ஒன்றல்ல.

ஆண் பெண் மாறிக் குறிக்கப்பட்டால் ஒப்பீடே பாழாகும்; பாம்பின் பாலை வாலடியில் உள்ள ஆணுறுப்பைக் கொண்டே பார்த்தறிவதால், வால் நசுங்கிய உடல்களை நான் ஒதுக்கினேன். வரிசையாக்கத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியே செய்ததால், அந்தக் கருவிகளின் பராமரிப்பைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. டபிள்யூவில் குவிந்துள்ள, ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சிறு துண்டுகளாகப் படித்து ஒட்டுவதும் கடினம். பட்டைக் கட்டுவிரியனில் இந்திய மரபியலாளர் லால்ஜி சிங் குழுவினர் பிரித்தெடுத்த பி.கே.எம். வரிசை அத்தகையது, அதன் இருப்பிடத்தைக் குரோமோசோமின் மேலேயே காண விரும்புகிறவர், நான் ஒதுக்கிய நுண்ணோக்கியிடம்தான் திரும்ப வேண்டும்.