மூன்று ஆண்டுகள், நான்கு வரைகொப்பிகள்

ஏ5 அளவில், அதாவது 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட, தடித்த மட்டையிட்ட வரைகொப்பியை மூன்று ஆண்டுகளாகத் தோள்பையில் கொண்டு திரிகிறேன். இப்போது வரைந்துகொண்டிருப்பது நான்காவது. முன்பிருந்த ஏ4 கொப்பி வீட்டு மேசையை விட்டு இறங்கியதேயில்லை என்பதால், அளவு குறித்து எனக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது.

கம்பிச்சுருள் இல்லாமல் நூலால் தைத்த கட்டு என்பதால், இரு பக்கங்களும் தட்டையாக விரிகின்றன. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று கடலேரியின் நீண்ட கோட்டை இடையூறின்றி இழுக்க முடிகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் மட்டும் தாளைப் பிடித்து வைக்க, உடுப்புக் காயவிடும் கிளிப்புகள் இரண்டு தேவை.

சதுர மீற்றருக்கு 160 கிராம் எடையுள்ள இத்தாள் பென்சிலுக்கும் பேனைக்கும் போதும். நீர்வண்ணத்தை இரண்டாம் முறை பூசினால் நெளியும். அதற்கு 300 கிராம் தாள் வேண்டும் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். என் மனக்குறை மாரி பற்றியது. கார்த்திகை முழுவதும் ஈரச்சுவரோரம் கிடந்த மூன்றாவது கொப்பியில், முன்பு கூர்மையாக நின்ற அதே பேனைக்கோடு வேர்விட்டதுபோல் பரவியது. மையை மேற்பரப்பில் நிறுத்தும் பசைப்பூச்சு ஈரத்தில் தளர்ந்துவிடுகிறது. அதன்பின் மழைக்காலத்தில் கொப்பியை இறுக மூடும் பொலித்தீன் பையில் வைக்கிறேன்.

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்பதே என் கணக்கு. முதற் கொப்பியில் பனைகள் எல்லாம் தலைகீழாக நட்ட விளக்குமாறுகளாகவே இருந்தன. வடலியில், அதாவது இளம் பனையில், காய்ந்த மட்டைகளின் அடிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிற்பதையும், முதிர்ந்த மரத்தில் அவை விழுந்த இடங்கள் வளையத் தழும்புகளாகத் தேறியிருப்பதையும் இரண்டாவது கொப்பியின் நடுவிலேதான் கண் பிடித்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது வரைந்த வள்ளத்தை எட்டிப் பார்த்த மீனவர் ஒருவர், "தம்பி, அணியம் இப்பிடித் தாழ்ந்து கிடவாது, இன்னும் நிமிரவேணும்" என்றார். வள்ளத்தின் முன்முனையான அணியத்தை அழிக்காமல் பக்கத்திலேயே திருத்தி வரைந்தேன். இரண்டு அணியங்களும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

ஐந்தாவது கொப்பியையும் இதே கட்டில்தான் வாங்குவேன், ஆனால் மாரிக்கு முன்னர் அல்ல, தை பிறந்த பின்னர்.