பிஐஎஸ், சிஇ, யுஎல்: ஒரு 20 வாட் சார்ஜருக்கு மூன்று முத்திரைகள்

சுவரில் செருகும் 20 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரைத் தயாரித்து இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றிலும் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முத்திரைகள் எதிரே வரும்: இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு, ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் சிஇ, அமெரிக்கச் சோதனை நிறுவனமான யுஎல்லின் முத்திரை. மின்பாதுகாப்புச் சோதனை மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். சான்று கிடைத்த பிறகு யார் பொறுப்பேற்கிறார்கள், யார் வந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. ஆய்வகக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பது தவறு.

இந்தியாவில் இது சட்டக் கட்டாயம். 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையில் 2014-இல் அடாப்டர்களும் பவர் பேங்குகளும் சேர்க்கப்பட்டன. பிஐஎஸ் அங்கீகரித்த இந்திய ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்கு முன் யாரும் தொழிற்சாலைக்கு வருவதில்லை; பின்னால் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். பதிவில் கிடைக்கும் ஆர்-எண் என்பது பொருளுக்கு மட்டும் தரப்படுவதல்ல, அது தயாராகும் முகவரிக்கும் பிராண்டுக்கும் சேர்த்தே தரப்படுகிறது. அதே சார்ஜரை இன்னொரு ஆலையில் செய்தால் இன்னொரு பதிவு வேண்டும். வேலையை வெளியே கொடுத்து வாங்குபவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான்.

சிஇ இதற்கு நேர் எதிர். சார்ஜருக்குப் பொருந்தும் தாழ்மின்னழுத்த விதி (2014/35), மின்காந்த இணக்க விதி (2014/30) இரண்டுமே தயாரிப்பாளரின் சுய அறிவிப்பை ஏற்கின்றன. ஆகவே ‘சிஇ சர்டிஃபிகேட்’ என்று யாராவது தனியாக ஒரு தாளை விற்றால், அதற்கென்று சட்ட மதிப்பு ஏதும் கிடையாது. மதிப்புள்ளவை உங்கள் கையெழுத்திட்ட இணக்க அறிவிப்பும், பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டிய தொழில்நுட்பக் கோப்பும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் முகவரியும் வேண்டும். வழி சுலபம்போலத் தெரியும். ஆனால் தவறு நேர்ந்தால் முழுப் பொறுப்பும் தயாரிப்பாளர் தலையில்தான்.

அமெரிக்காவில் வீட்டு உபயோக சார்ஜருக்கு யுஎல் முத்திரை வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்வதில்லை. பெரிய கடைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்பதால் அது நடைமுறைக் கட்டாயம் ஆகிவிட்டது. யுஎல்தான் வேண்டும் என்பதும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மற்ற ஆய்வகங்களின் முத்திரையும், உதாரணமாக இடிஎல், அதே தகுதி கொண்டது. விலை கேட்கும்போது இரண்டையும் கேளுங்கள். இங்கே ஆய்வாளர், வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை, முன்னறிவிப்பின்றி ஆலைக்கு வருவார். பயன்படுத்திய பாகங்கள் அறிக்கையில் உள்ளவைதானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த ஏற்பாடு. தொந்தரவும் செலவும் அதிகமானதும் இதுவே.

இனி, பெட்டிக்குள். ஐஎஸ் 13252 என்ற இந்தியப் பாதுகாப்புத் தரநிலையின்படி மெயின்ஸ் (சுவர் மின்சாரம் வரும்) பக்கத்துக்கும் யுஎஸ்பி பக்கத்துக்கும் நடுவே போர்டின் மேற்பரப்பில், 250 வோல்ட் வேலை மின்னழுத்தத்துக்குக் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் அளந்தால் 300 வோல்ட் வரை ஏறலாம் என்பதால் 6.4 மி.மீ. வைத்து வரைவதே நல்லது. இரு பக்கங்களுக்கும் நடுவே ஒளி வழியாகச் சைகை கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில் பள்ளம் வெட்டி இடைவெளியைக் கூட்டுபவர்கள், 1 மி.மீ.க்குக் குறைந்த அகலமுள்ள பள்ளம் கணக்கில் சேராது என்பதை மறந்துவிடுகிறார்கள். காப்பைப் பரிசோதிக்கும் 3000 வோல்ட் சோதனையில் தோற்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பார்த்தால், மூன்றடுக்குக் காப்புக் கம்பி அது சுற்றப்பட்ட பாபின் சட்டத்தின் விளிம்பில் உரசியிருக்கும். சார்ஜரை 1 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போடும்போது வாய் பிளப்பது ஒட்டு சரியாகப் பிடிக்காத மூடி.

ஒய் கெப்பாசிட்டர் தனிக்கதை. மெயின்ஸ் பக்கத்தையும் யுஎஸ்பி பக்கத்தையும் இணைக்கும் இந்தச் சிறு பாகம் மின்காந்த இரைச்சலை அடக்கும், கூடவே கசிவு மின்னோட்டத்தையும் கூட்டும். சார்ஜ் ஏறும்போது உலோக விளிம்புள்ள போனைத் தொட்டால் விரலில் உணரும் அந்தக் கூச்சம் பெரும்பாலும் இதன் வழியாக வருவதே. 264 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 2.2 நானோஃபாரட் சுமார் 0.18 மில்லி ஆம்பியரைக் கடத்தும். ஐஎஸ் 13252 இந்த வகைக்கு அனுமதிப்பது 0.25. இரைச்சல் சோதனையில் தோற்று, அவசரத்தில் 3.3 நானோஃபாரட் போட்டால் 0.27 ஆகிவிடும். ஒரு சோதனையில் தேறி இன்னொன்றில் விழுவது இப்படித்தான்.

இந்தியாவுக்கு மட்டும் வடிவமைப்பவர்களுக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் பிஐஎஸ் பதிவு பாதுகாப்பை மட்டுமே பார்க்கிறது. இரைச்சலும் மின்சிக்கனமும் அதில் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இரண்டையும் கேட்கின்றன. போன் செருகாதபோது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது இந்த அளவு சார்ஜருக்கு இரண்டு இடங்களிலும் விதி. உள்நாட்டு மாடலை அப்படியே ஏற்றுமதி செய்ய முயல்பவர்கள் இந்த இரண்டிலும்தான் அடிபடுகிறார்கள்.

என் பரிந்துரை: கடினமானதிலிருந்து தொடங்குங்கள். முதல் போர்டு ஓடத் தொடங்கியதும் சென்னை தரமணியில் உள்ள சமீர் போன்ற மின்காந்த ஆய்வகத்தில் முன்சோதனை செய்து ஒய் கெப்பாசிட்டரின் மதிப்பை முடிவுசெய்யுங்கள். பிறகு சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 62368-1-இன் கீழ், அமெரிக்க, ஐரோப்பிய வேறுபாடுகளையும் சேர்த்து ஒரே சிபி அறிக்கை (பல நாடுகளின் சான்று அமைப்புகள் ஏற்கும் பொதுச் சோதனை அறிக்கை) எடுங்கள். அந்த அறிக்கையை பிஐஎஸ் தன் சோதனைக்கு ஈடாக ஏற்பதில்லை. ஆனால் சிபியில் தேறிய வடிவம் இந்திய ஆய்வகத்தில் தோற்றுத் திரும்பி வருவது அரிது. ஐஎஸ் 13252-இலிருந்து 62368-1-க்கு மாறும் ஏற்பாடு வந்துவிட்டதால், விண்ணப்பிக்கும் தேதியில் எது செல்லும் என்பதை மட்டும் பிஐஎஸ் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் பாகப் பட்டியலைப் பூட்டுங்கள்: ஃப்யூஸ், ஒய் கெப்பாசிட்டர், ஆப்டோகப்ளர், டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, மூடியின் பிளாஸ்டிக். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறுவனங்களின் பாகங்களை ஆரம்பத்திலேயே அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஆப்டோகப்ளர் கிடைக்காமல் போகும்போது, கொள்முதல் பிரிவு கையில் கிடைத்ததை வாங்கி வைத்தால் மூன்று முத்திரைகளும் ஒரே நாளில் பொய்யாகிவிடும்.