எண்ணெயும் நீரும் ஒரே குழாயில்: இன்டர்ஃபோம் நிரலோடு நெடுநாள் பழக்கம்

ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்கள் சேர்ந்து ஓடும்போது என்ன நிகழும் என்பதைக் கணினியில் கணிப்பதற்கு, ஓட்டங்களைக் கணிக்கும் ஓபன்ஃபோம் மென்பொருள் தொகுப்பில் உள்ள இன்டர்ஃபோம் என்னும் நிரலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் எண்ணெயும் நீரும் ஒரே குழாயில் செல்லும் ஓட்டங்களுக்காகத்தான் இதை நாடுகிறேன். எடையும் வேகமும் ஆளுகின்ற ஓட்டங்களில் இந்த நிரலை நம்பலாம். திரவ எல்லையைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை ஆளுகின்ற இடங்களில் இது காட்டும் படத்தைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

இதன் அடிப்படை முறையை 1981ஆம் ஆண்டில் ஹர்ட், நிக்கல்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஓட்டம் நிகழும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் பங்கு எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக வைத்துக்கொள்வதே அந்த முறை. முழுவதும் நீரானால் 1, முழுவதும் எண்ணெயானால் 0, எல்லை கடந்து செல்லும் கட்டங்களில் இடைப்பட்ட மதிப்பு. இரண்டு திரவங்களுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள் கிடையாது. அடர்த்தியும் பாகுநிலையும் மட்டும் இந்த எண்ணுக்கேற்ப மாறும். இதனால் அலை உடைந்தாலும் துளி பிரிந்தாலும் கணக்கு தடைபடுவதில்லை. ஆனால், இயற்கையில் மூலக்கூறு அளவே தடிமனுள்ள எல்லை, இங்கே சில கட்டங்களின் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அதை மீண்டும் நெருக்கிப் பிடிக்க நிரலில் ஓர் இறுக்கக் கெழு உண்டு. அதற்கு வழக்கமாக 1 என்ற மதிப்பே கொடுக்கப்படும். எல்லை கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று அதைக் கூட்டிக்கொண்டே போனால், எல்லையில் பொய்யான சுருக்கங்கள் தோன்றத் தொடங்கும். ரோன்பியும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஐசோஅட்வெக்டர் முறையில் அமைந்த இன்டர்ஐசோஃபோம், எல்லையை இதைவிடத் துப்புரவாக நகர்த்துகிறது. இப்போது நான் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கிடைக்குழாயில் எண்ணெயும் நீரும் மெதுவாகச் சென்றால், கனமான நீர் அடியிலும் எண்ணெய் மேலுமாக இரண்டு அடுக்குகள் அமையும். வேகம் கூடும்போது இடையிலுள்ள எல்லையில் அலைகள் எழும். இன்னும் கூடினால் அலைமுகடுகளிலிருந்து துளிகள் பிய்ந்து மற்ற திரவத்துக்குள் சிதறும். இதில் அடுக்குகளின் உயரத்தையும் அலை கிளம்பும் நிலையையும் நிரல் நன்றாகவே தருகிறது. துளிகள் சிதறும் நிலைக்கு வந்ததும் நம்பிக்கை குறைகிறது. ஏனெனில் ஒரு கட்டத்தைவிடச் சிறிய துளியை இந்த முறையால் துளியாகக் காட்டவே முடியாது.

பரப்பு இழுவிசைக்கு வருவோம். பிராக்பில், கோத்தே, செமாக் ஆகியோர் 1992இல் தந்த வழியில், எல்லையின் வளைவைக் கணக்கிட்டு அதை ஒரு விசையாகச் சமன்பாட்டில் சேர்க்கிறார்கள். பரவிக் கிடக்கும் ஓர் எண்ணிலிருந்து வளைவைக் கணக்கிடுவதால் சிறு பிழை நேர்கிறது. அந்தப் பிழையே விசையாக மாறித் திரவத்தைத் தள்ளுகிறது. அசையாமல் நிற்க வேண்டிய ஒரு துளியைச் சுற்றி, காரணமே இல்லாமல் சுழல்கள் தோன்றுவதை இந்த நிரலில் எவரும் காணலாம். கட்டங்களைச் சிறிதாக்கினால் இது மறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும்; பல வேளைகளில் மறைவதில்லை. ஆகவே புதிய கணக்கு எதைத் தொடங்கும்போதும், 1 மி.மீ. ஆரமுள்ள ஒரு துளியை அசையா நீரில் விட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். இழுவிசை மீட்டருக்கு 0.04 நியூட்டன் என்றால், துளிக்குள் அழுத்தம் வெளியைவிட 80 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த அழுத்தம் சரியாக வருகிறதா, பொய்ச்சுழலின் வேகம் நான் ஆராயப்போகும் ஓட்டத்தின் வேகத்தோடு ஒப்பிடப் புறக்கணிக்கத்தக்கதா என்று பார்த்த பிறகே மேலே செல்கிறேன்.

கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவான கால அடிக்கும் இங்கே கடுமையான வரம்பு உண்டு. நீரும் மண்ணெண்ணெயும் சேர்ந்த ஓட்டத்தில் கட்டத்தின் அகலம் 0.1 மி.மீ. எனில், எல்லையில் ஓடும் மிகச் சிறிய அலைகளைத் தவறவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 0.00006 நொடிக்குள் இருக்க வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் அடி இன்னும் 2.8 மடங்கு குறுகும். ஓர் அடியில் திரவம் எத்தனை கட்டம் நகர்கிறது என்று சொல்லும் கூரண்ட் எண்ணைப் பார்த்து நிரல் தானாகவே அடியைச் சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிடுவது மெதுவான ஓட்டங்களில் ஆபத்து. வேகம் குறைவாக இருப்பதால் அது அடியை இந்த வரம்புக்கு மேலும் நீட்டிவிடக்கூடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம், நடுவில் கெட்டியான எண்ணெயும் சுவரை ஒட்டி மெல்லிய நீர்ப்படலமுமாகச் செல்வது. நீர் மசகுபோல் செயல்படுவதால் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு வெகுவாகக் குறையும். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஷெல் நிறுவனம் 6 அங்குல விட்டமும் ஏறத்தாழ 38 கி.மீ. நீளமும் உள்ள ஒரு குழாய்வழியை 1970களில் இந்த முறையில் இயக்கியது. ஆய்வகச் செங்குத்துக் குழாய்களில், மேல்நோக்கிய ஓட்டத்தில் எண்ணெய்த் தண்டு மூங்கில் கணுக்கள்போல் புடைத்தும், கீழ்நோக்கிய ஓட்டத்தில் திருகுபோல் முறுக்கியும் செல்வதை ஆய்வாளர் ஜோசப்பின் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் பதிவு செய்தனர். கணுவலைகளை, குழாயின் ஒரு மெல்லிய ஆப்பு வடிவத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சுச் சமச்சீரோடு கணித்தாலே பெறலாம். நீர்ப்படலத்துக்குள் போதிய கட்டங்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் சுவரில் ஒட்டி, அழுத்தம் பன்மடங்கு எகிறும். ஆனால் திருகலையை அந்த ஆப்பில் ஒருபோதும் காண முடியாது, ஏனெனில் அதன் வடிவமே சமச்சீரை உடைப்பது. நிரல் அதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தராமல், அழகான, தவறான விடையைக் கொடுத்து முடித்துவிடும்.

துளிகள் சேர்வதிலும் இதே கதைதான். உண்மையில் இரண்டு எண்ணெய்த் துளிகள் நெருங்கினால், இடையிலுள்ள நீர்ப்படலம் வடிந்து தீரும்வரை அவை சேர்வதில்லை. சோப்பு போன்ற பரப்பியங்கு பொருள் இருந்தால் நெடுநேரம் ஒட்டாமலே இருக்கும். நிரலிலோ இடைவெளி ஏறத்தாழ ஒரு கட்டத்துக்குக் குறைந்தவுடன் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு திரவத்தில் மற்றது நுண்துளிகளாகப் பரவிய பால்மங்களை ஆராய விரும்புவோர் இதை மறக்கக் கூடாது.

துளிகளும் நுண்குழாய்களுமே உங்கள் வேலை என்றால், போபினே உருவாக்கிய பேசிலிஸ்க் என்னும் நிரலை முதலில் பாருங்கள். வளைவைக் கணக்கிடுவதில் அது வெகுவாக முன்னே நிற்கிறது. சிக்கலான வடிவமுள்ள குழாய்கள், தொட்டிகள், பிரிப்பான்கள் என்றால் ஓபன்ஃபோம் போதும். அது கட்டணமற்றது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஆனால் இரண்டு கிளைகளாக அது வெளிவருவதைக் கவனியுங்கள். ஓபன்ஃபோம் அறக்கட்டளை வெளியிடும் கிளையின் 11ஆம் பதிப்பிலிருந்து இன்டர்ஃபோம் தனி நிரலாக இல்லை, பொது இயக்கியின் ஒரு கூறாக மாறிவிட்டது. மற்றக் கிளையில் பழைய பெயரிலேயே தொடர்கிறது. ஒன்றுக்கு எழுதிய உள்ளீட்டுக் கோப்புகள் மற்றதில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.