பாலைவன எலியின் ரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும்

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், புதர்களுக்கடியில் வளை தோண்டி வாழ்கிறது மெரியோனிஸ் கிராசஸ் என்ற ஜெர்பில் எலி. அதன் ரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சி, எலியைவிட அதன் வளையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. முட்டைகள் பெரும்பாலும் வளையின் மணலில் விழுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்கள் எலியைக் கடிப்பதே இல்லை. அங்கே கிடக்கும் மக்கிய குப்பையையும், வளர்ந்த தெள்ளுப்பூச்சிகள் கழித்த ரத்தம் கலந்த எச்சத்தையும் தின்று வளர்கின்றன. வெளியே வெயில் சுட்டெரித்தாலும் உள்ளே ஈரம் தங்குவதால்தான் இது நடக்கிறது. ஈரம் போனால் புழு காய்ந்து செத்துவிடும்.

உண்ணி வேறு மாதிரி. அது பூச்சிகூட அல்ல, சிலந்தியின் உறவு. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த பெண் என ஒவ்வொரு பருவத்துக்கும் ரத்தம் வேண்டும். கடித்தால் நாள்கணக்கில் விடாது. அப்புறம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

பட்டினி தாங்குவதில் உண்ணிதான் கெட்டி. ஆனாலும் என் வியப்பெல்லாம் தெள்ளுப்பூச்சிமேல்தான்: எலியின் வீட்டையே தன் பிள்ளைகளுக்குத் தொட்டிலாக்கிக்கொண்டதே!