டிரைவ் ஷாப்ட் ஜொயின்ட்டை "நிரப்பித் தருகிறோம்" என்றால் கொடுக்காதீர்கள்: என் 46,000 ரூபா போய்விட்டது

46,000 ரூபா. என் பழைய மினி காரின் தேய்ந்துபோன இரண்டு டிரைவ் ஷாப்ட் ஜொயின்ட்டை, அதாவது சக்கரத்தைச் சுற்றுகிற தண்டின் மூட்டை, புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்லி ஒரு லேத் கடை என்னிடம் வாங்கிய காசு. மலையகத்தில் எந்த டவுன், எந்தக் கடை என்று இங்கே எழுதவில்லை. முன்னால் லேத் மெஷின், பக்கத்தில் வெல்டிங், வாசலில் "சகல வாகன ஷாப்ட் வேலைகளும் செய்யப்படும்" என்று ஒரு பலகை. இந்த மாதிரிக் கடைகள் நிறைய உண்டு, அவற்றில் நேர்மையான பாஸ்மாரும் நிறைய உண்டு. எனக்கு வாய்த்தவர் அப்படியில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி, போகட்டும்" என்று இருந்துவிடுவோம், அடுத்த பையன் அதே கடையில் போய் நிற்பான்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி நம்ம மாதிரி ஆட்களுக்கு எட்டாது. அதனால்தான் ஒரு பழைய பங்களாக் கொட்டகையில் வெறும் கூடாகக் கிடந்த மினியை நானும் மாமாவும் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே கட்ட ஆரம்பித்தோம். மாமா தேயிலை ஃபெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் எங்கள் கையாலேயே ஆனது. மிச்சம் இருந்தது முன்சக்கர ஜொயின்ட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மினி முன்சக்கரம் இழுக்கிற வண்டி. சக்கரம் ஒரு பக்கம் திரும்பும்போதும் இழுவை அறுபடக் கூடாது. அந்த வேலையைச் செய்வது சக்கரத்தை ஒட்டி இருக்கிற வெளி ஜொயின்ட், சி.வி. ஜொயின்ட் என்போம். உள்ளே ஆறு எஃகுக் குண்டு. குண்டுகளை ஒரே தளத்தில் பிடித்து வைக்க ஒரு கேஜ், அதாவது கூண்டு மாதிரி ஒரு வளையம். குண்டு ஓடுவதற்கு வெளிக் கிண்ணத்தில் ஆறு தடம், உள் வளையத்தில் ஆறு தடம். ஜொயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை (பூட் என்போம்) கிழிந்து மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போனால் அந்தத் தடங்களில் பள்ளம் விழும். அப்புறம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது "டக் டக்" என்று அடிக்கும். எங்களுடையதில் நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

புது ஜொயின்ட்டுக்கு கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் விசாரித்தோம். வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றார்கள். 2022இல் ரூபா விழுந்ததிலிருந்து வெளிநாட்டுச் சாமான் என்றாலே விலை கேட்கப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில்தான் இந்த லேத் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டோம்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் பிடிப்பார்கள். போன உடனே பாஸ் எழும்பி வந்து, "வாங்க தம்பி, மினியா? நம்மகிட்ட வராத மினி இல்ல" என்றார். பிளேன்டீ வந்தது. மேசைக்குக் கீழேயிருந்து ஒரு ஜொயின்ட்டை எடுத்து, துணியால் துடைத்து, என் கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. சுற்றிப் பார்த்தேன், ஒரு சத்தமில்லை, ஆட்டமில்லை. "தடத்தை வெல்டிங்ல நிரப்பி, லேத்ல கடைஞ்சு, திரும்ப ஹார்டன் பண்ணித் தர்றோம். மூணு மாசம் கேரண்டி. புதுசு வாங்குறது வீண் செலவு தம்பி." மாமா அன்று வந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு லொறிக்காரரும் "பாஸ் கெட்டிக்காரர்" என்று தலையாட்டினார். முற்பணமாக 20,000 ரூபாவை அங்கேயே போனில் வங்கிக் கணக்குக்குப் போட்டேன். வேலை முடிந்து எடுக்கும்போது 26,000 கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "புத்தகம் முடிஞ்சிருச்சு" என்று கொப்பித் தாளில் "ஷாப்ட் 2 – 46,000" என்று எழுதிக் கிழித்துத் தந்தார். கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

பூட்டிவிட்டு முதல் ஓட்டம் தோட்டத்து ரோட்டில். லயத்துக்கு மேலே இருக்கிற முடக்கில் முழுக்க ஒடித்து முதல் கியரில் ஏற்றுகிறேன், "டமார்" என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் உருளத் தொடங்கிவிட்டது. கியரில்தானே இருக்கிறது, நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்னால் நடந்து வந்த மாமா கல்லை முட்டுக் கொடுத்துத்தான் நின்றது. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

இதை மலையகத்து ஆட்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். ஒரு பக்க ஜொயின்ட் விட்டுவிட்டால் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்தைச் சும்மா சுற்றவிடும். மற்றப் பக்கத்துக்கும் இழுவை வராது. எஞ்சின் பிரேக் என்பதே இல்லாமல் போகும். கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ இரண்டாம் கியரை நம்பி இறங்குகிறவர்களுக்கு அந்த நொடியில் மிஞ்சுவது பிரேக் மட்டும்தான், அதுவும் ஏற்கனவே சூடேறியிருக்கும். கியரில் போட்டுவிட்டு மேட்டில் நிறுத்துகிற நம்ம பழக்கமும் அப்போது உதவாது.

வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்தோம். முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் கிரீஸ். இந்த ஜொயின்ட்டுக்குப் போட வேண்டியது மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ். அதைக்கூடப் போடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவினோம். கேஜ் இரண்டாகப் பிளந்திருந்தது, பிளந்த இடத்தில் பழைய வெல்டிங் பொட்டு. அதாவது ஏற்கனவே உடைந்த கேஜை ஒட்ட வைத்திருக்கிறார்கள். தடங்களில் வெல்டிங் நிரப்பியது உண்மைதான். அதை லேத்தில் கடையவில்லை, கிரைண்டரால் கையில் தேய்த்து எமரி போட்டு மினுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு அகலம். மாமா அரத்தை எடுத்துத் தடத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். ஹார்டன் பண்ணிய, அதாவது கடினமாக்கிய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இதில் கடித்துத் தூள் உதிர்ந்தது. "மாப்ள, இது பச்சை இரும்பு" என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தடத்தின் மேற்பரப்பைத் தனியாகச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்கித்தான் ஃபெக்டரியில் செய்கிறார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்தக் கடினம் போய்விடும். அப்புறம் ஆறு தடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர அதற்கென்றே கிரைண்டிங் மெஷின் வேண்டும். ஒன்று ஒரு மயிரிழை கூடினாலும் ஆறு குண்டு தாங்க வேண்டிய பாரம் இரண்டு குண்டின் மேல் விழும். சாதாரண லேத் கடையில் இது முடியாத வேலை. முடியாது என்று தெரிந்துகொண்டே 46,000 ரூபா வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. நான் கொடுத்த இரண்டு ஜொயின்ட்டிலும் கம்பெனி முத்திரை இருந்தது, என் போனில் போட்டோ இருக்கிறது. திரும்பி வந்ததில் ஒன்றில் முத்திரை இருந்த இடமே மழுங்கத் தேய்க்கப்பட்டிருக்கிறது. அது என்னுடையது இல்லை என்றே சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் காசு போனதை விட எரிகிறது. முதலில் போன் எடுத்த பையன், "பாஸ் வெளிய போயிட்டாரு". அடுத்தது, "இன்னைக்கு போயா, கடை பூட்டு". வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "நீங்க பூட்டுனது பிழை தம்பி". என்ன பிழை என்று கேட்டால் சொல்லவில்லை. பிறகு, "நீங்களே கழட்டிட்டீங்க, இனி கேரண்டி செல்லாது". உடைந்ததைக் கழற்றாமல் எப்படிக் கொண்டுவருவது? அதற்கும் பதில் இல்லை. "வச்சிட்டுப் போங்க, கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்போம்" என்றார். நல்லவேளை மாமா கொடுக்கவில்லை, அதுதானே எங்கள் ஒரே சாட்சி. கடைசியில் மாமா அந்த அரத்தை எடுத்து அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டினார். அதோடு அந்த மனிதனின் முகம் மாறியது. இத்தனை நாள் "வாங்க தம்பி" என்றவர், "தோட்டத்துலருந்து வந்து எனக்கு இரும்பு படிச்சுக் குடுக்கிறியா?" என்றார். மாமாவைப் பார்த்து. ஃபெக்டரியில் ரோலர் ஷாப்ட்டெல்லாம் தன் கையால் சரிபார்த்த மனிதரைப் பார்த்து.

2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 46,000 ரூபா என்பது ஒரு மாதம் முழுக்க மலை ஏறினாலும் கைக்கு வராத காசு. அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும் அதில் இருக்கிறது.

என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று விளக்கமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் கேளுங்கள்.

வெல்டிங்கில் தடம் நிரப்புகிறோம் என்று யார் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள். பழைய மினியில் வெளி ஜொயின்ட் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான். கொஞ்சம் தேய்ந்ததென்றால் இடது பக்கத்தை வலதுக்கும் வலது பக்கத்தை இடதுக்கும் மாற்றிப் பூட்டினால் தேயாத முகம் பாரம் வாங்கும், கொஞ்சக் காலம் ஓடும். பள்ளம் விழுந்திருந்தால், கேஜில் கீறல் இருந்தால், புதுசுதான், வேறு வழி இல்லை. பூட் கிழிந்த அன்றே மாற்றுங்கள். சாமானைக் கொடுக்கும் முன் முத்திரை தெரியப் போட்டோ எடுங்கள், முடிந்தால் நீங்களே ஒரு அடையாளம் போடுங்கள். திரும்ப வாங்கும்போது ரப்பர் உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள், அரம் ஒன்று கையில் இருக்கட்டும். கடைப் பெயர் போட்ட பில் இல்லாமல் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபையின் போன் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் முற்பணம் போட்ட வங்கி ரசீதும், போட்டோவும், பிளந்த கேஜும் இருக்கின்றன. எழுதி முடித்துவிட்டேன், நாளைக்கு பதிவுத் தபாலில் போகிறது.

இதே மாதிரி ஒரு கடையில் ஷாப்ட் வேலைக்குக் கொடுத்து வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். எந்த டவுன் என்று சொல்கிறேன். கொடுத்திருந்தால் மிச்சக் காசைக் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.