பேலி பூங்காவா, கிரீனேக்கர் பூங்காவா?

நியூயார்க்கின் மிட்டவுன் பகுதியில், நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டு குட்டிப் பூங்காக்கள் உள்ளன. ராபர்ட் சயான் வடிவமைத்த பேலி பூங்கா 1967-இல் திறக்கப்பட்டது. ஹிடேயோ சசாகியின் கிரீனேக்கர் 1971-இல். இரண்டும் தனியார் பணத்தில் உருவாகி எல்லோருக்கும் திறந்திருப்பவை. இரண்டிலும் பின்சுவரில் அருவி, தலைக்குமேல் ஹனி லோகஸ்ட் மரங்கள், தரையில் பொருத்தாத நாற்காலிகள். சரக்கு ஒன்றுதான், கைப்பக்குவம் வேறு. அதனாலேயே, இப்படியொரு பூங்கா கட்ட நினைப்பவர் எதைப் பின்பற்றலாம் என்று தெரிய, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேலியின் மனை ஏறக்குறைய 42 அடி அகலம், 100 அடி நீளம். சயான் அங்கே செய்தது மிகக் குறைவு என்று தோன்றும். தரை ஒரே மட்டம். பக்கச் சுவர்களில் ஐவி கொடி. 20 அடி உயர அருவியின் இரைச்சலில் கார் ஹாரன் அமுங்கிவிடுகிறது. பக்கத்து மேசைக்காரர் பேசுவதும் காதில் விழாது. ஹனி லோகஸ்ட்டின் பொடி இலைகள் வெயிலைத் தடுப்பதில்லை, சலித்து அனுப்புகின்றன. மீதி வேலையை நாற்காலியிடம் விட்டுவிட்டார். பொது இடங்களில் மக்கள் நடந்துகொள்வதைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் ஒன்றைக் கவனித்தார்: உட்காரப் போகிறவர் முதலில் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார். பல நேரம் அது கிட்டத்தட்ட இருந்த இடத்துக்கே வந்து நிற்கும். ஆனாலும் அந்த நகர்த்தலுக்குப் பிறகு அது அவருடைய இடம். இதை எந்த சிமென்ட் பெஞ்சாலும் தர முடியாது.

கிரீனேக்கர் இதைவிட அகலம். சுமார் 60 அடிக்கு 120 அடி. சசாகி தரையையே பல மட்டங்களாகப் பிரித்தார். ஒரு பக்கம் கூரையுடன் உயர்ந்த மேடை. குளிருக்கு வெப்ப விளக்குகளும் உண்டு. இன்னொரு பக்கம் சுவரோரமாக ஓடும் நீர். கீழே இறங்கினால் 25 அடி அருவி, சாரல் படும் நெருக்கத்தில். காதலர்களுக்கு ஒரு மூலை, புத்தகத்தோடு வருபவருக்கு ஒரு மூலை. பேலியில் கூட்டம் சேர்ந்தால் ஒதுங்க இடமில்லை, இங்கே இருக்கிறது. தினமும் வருகிறவருக்கு கிரீனேக்கர் சலிக்காது.

ஆனால் அந்த மட்டங்களுக்கு ஒரு விலை உண்டு: படிகள். முழங்கால் வலிக்காரருக்கும் தள்ளுவண்டி தள்ளும் தாய்க்கும் பேலிதான் எளிது. அதன் நுழைவில் நடுவே சில படிகள், இருபுறமும் சாய்தளம். நடைபாதையில் போகிறவர் முழுப் பூங்காவையும் ஒரே பார்வையில் அளந்துவிடலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற தயக்கம் இல்லை. அங்கே போக நினைக்காதவரையும் உள்ளே இழுப்பது அதுதான்.

வெயில் விஷயத்தில் கிரீனேக்கருக்குத்தான் கவலை அதிகம். சுற்றுப் பகுதியில் இன்னும் உயரமாகக் கட்ட வழிவிடும் திட்டம் 2017-இல் வந்தபோது, நிழல் விழும் என்று அதன் அறக்கட்டளை வெளிப்படையாகப் போராடியது.

என் ஓட்டு பேலிக்கு. குறுகிய மனை என்றால் யோசிக்கவே வேண்டாம். 60 அடி அகலம் கிடைத்து, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சாய்தளம் போட இடமும் இருந்தால் மட்டும் சசாகியின் வழியில் போகலாம். எதைப் பின்பற்றினாலும், நாற்காலியை யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து தரையோடு போல்ட் போட்டு முறுக்காதீர்கள். இரு பூங்காக்களிலும் ஆள் வைத்துப் பராமரிக்கிறார்கள்; இரவில் கதவைப் பூட்டுகிறார்கள். அருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு அந்தச் சம்பளத்தையும் முதல் நாளே கணக்கில் எழுதிவிட வேண்டும்.